காவடிக் கூட்டமும் கணினிப் புள்ளிகளும்

தைப்பூசத்தன்று மொரீஷியஸின் காத்ர் போர்னில், கோர் த கார்த் மலைச்சரிவுக் கோயிலை நோக்கிக் காவடிகள் ஏறும்போது, படிக்கட்டில் நின்றபடி கீழே இருக்கும் அம்மாவை அழைத்துப் பாருங்கள். எனக்கு நான்கு முறையும் இணைப்பு கிடைக்கவில்லை. செல்பேசிக் கோபுரத்தை நம்பாமல், பக்கத்திலிருக்கும் செல்பேசிகளே செய்தியைக் கைமாற்றிக்கொண்டால் என்ன?

இதைச் சோதிக்க ஆயிரம் பக்தர்களைத் திரட்ட முடியாது. எனவே ஆய்வாளர்கள் ஆளுக்கொரு புள்ளியாகக் கணினியில் நகர்த்திப் பார்க்கிறார்கள். எப்படி நகர்த்துவது என்பதில்தான் சிக்கல். 1996-இல் டேவிட் ஜான்சன், டேவிட் மால்ட்ஸ் என்ற கணினி ஆய்வாளர்கள் எளிய வழியொன்றைக் கையாண்டார்கள்: புள்ளி ஏதோ ஓர் இடத்தைக் குறிவைத்து, ஏதோ ஒரு வேகத்தில், நேர்கோட்டில் போகும், சற்று நிற்கும், மறுபடி வேறிடம். ஆண்டுக்கணக்கில் இதுவே வழக்கமாகிவிட்டது. கோர் த கார்த்தில் இப்படிப் போனால் பாறைக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும்!

அது கண்ணுக்குத் தெரியும் குறை. தெரியாத குறை வேகத்தில் இருந்தது. நொடிக்கு 0 முதல் 20 மீட்டர் வரை சீட்டுக் குலுக்கி எடுத்தால் சராசரி 10 என்றுதானே நினைப்போம்? 20 கிடைத்த புள்ளி ஒரு கிலோமீட்டரை 50 நொடியில் முடித்து அடுத்த சீட்டை எடுத்துவிடும். 0.1 கிடைத்ததற்கு அதே தூரம் 10,000 நொடி, அதாவது ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம். வேகமானவை சீட்டை மாற்றிக்கொண்டே இருக்க, ஆமைச் சீட்டு எடுத்தது மாட்டிக்கொள்கிறது. போகப் போக மாட்டிக்கொண்டவையே பெருகி, சராசரி பூச்சியத்தை நோக்கிச் சரிகிறது. 2003-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அதற்குள் எத்தனை பேர் 10 என்று நம்பிக் கணக்குப் போட்டிருப்பார்களோ! குறைந்தபட்ச வேகத்தைப் பூச்சியத்துக்கு மேலே வைத்து, புள்ளிகள் ஓடத் தொடங்கிய முதல் சிறிது நேரத்துக் கணக்கைச் சேர்க்காமல் தள்ளிவிடுவதே பரிகாரம்.

மனிதர்கள் தனித்தனியாக அலைவதுமில்லை. 1999-இல் வந்த குழு மாதிரியில் ஒரு மையம் பாதையில் போகும். மற்றவர்கள் அதைச் சுற்றி விலகியும் நெருங்கியும் நகர்வார்கள். காவடி எடுப்பவர்தான் அந்த மையம். பால் செம்பு ஏந்திய தங்கை, தண்ணீர்ப் போத்தலோடு மாமா, எல்லோரும் அவர் நின்றால் நிற்பார்கள். இந்த மாதிரியில் குடும்பத்துக்குள் செய்தி நொடியில் பரவுகிறது. இரு குடும்பங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. அதைத் தாண்டவைப்பவர், நேர்த்திக்கடன் முடித்து எதிரே இறங்குபவர். மேலே வாங்கிய செய்தியைச் செல்பேசியில் சுமந்துவந்து, அடுத்த குடும்பத்தை உரசிப் போகையில் கொடுத்துவிடுகிறார். புள்ளிகளுக்கு இறங்கும் வழியைச் சொல்லித்தராவிட்டால் அவர் கணக்கிலேயே வரமாட்டார்.