பச்சோந்தியின் கால் வளைவதற்கு முன்னால்

நல்ல உடல்நிலையில் இருக்கும் பச்சோந்தியைக் கிளையிலிருந்து பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று என்று சேர்ந்திருக்கும் விரல்கள் கிளையைக் கவ்விக்கொள்ளும். வாலும் தன் பங்குக்கு ஒரு சுற்று சுற்றிக்கொள்ளும். அந்தப் பிடி தளர்வது, வளர்ப்புப் பச்சோந்திகளை முடமாக்கும் நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. மெட்டபாலிக் போன் டிசீஸ் என்று பெயர். வளர்ப்பவர்கள் சுருக்கமாக எம்பிடி என்பார்கள். கால் வளைந்த பிறகோ தாடை வீங்கிய பிறகோதான் பலருக்கு இது கண்ணில் படுகிறது. அதற்குள் எலும்பு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கரைந்துகொண்டு இருந்திருக்கும்.

அவ்வளவு நாள் வெளியே தெரியாமல் இருப்பதற்கு ரத்தம்தான் காரணம். இதயம் துடிக்கவும், தசை சுருங்கவும், நரம்பு செய்தி கடத்தவும் ரத்தத்தில் கால்சியம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தே ஆக வேண்டும். அந்த அளவு சற்றுக் குறைந்தாலும் பாராதைராய்டு சுரப்பிகள் உடனே விழித்துக்கொண்டு தங்கள் ஹார்மோனைச் சுரக்கின்றன. அந்த ஹார்மோன் எலும்பிலிருக்கும் கால்சியத்தைக் கரைத்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. ஒருநாள் இரண்டுநாள் என்றால் இது நல்ல ஏற்பாடு. சாப்பாட்டில் கால்சியம் வருவதே இல்லை, வந்தாலும் குடல் உறிஞ்சுவதில்லை என்று ஆகிவிட்டால் சுரப்பி ஓய்வதே இல்லை. எலும்பு கரைந்துகொண்டே போகிறது. வெறுமையான இடத்தை உடல் நார்த்திசுவால் நிரப்புகிறது. தாடையும் கால்களும் தடித்துப் புஷ்டியாகத் தெரிவது இதனால்தான். ‘நன்றாகச் சதை போட்டிருக்கிறது’ என்று நினைத்து ஏமாந்துபோகிறவர்கள் உண்டு.

ஆக, இந்த நோய்க்குக் காரணம் கால்சியப் பற்றாக்குறை என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மீதிப் பாதி வெளிச்சத்தில் இருக்கிறது.

குடல் கால்சியத்தை உறிஞ்ச வைட்டமின் டி3 தேவை. பச்சோந்தி அதைத் தன் தோலில் தானே தயாரிக்கிறது. தோலில் இருக்கும் கொலஸ்ட்ரால் வகைப் பொருள் ஒன்றின் மீது சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள யூவிபி என்ற புற ஊதாக் கதிர் படும்போது, டி3-க்கு முந்தைய நிலையில் உள்ள ஒரு பொருள் உண்டாகிறது. அப்புறம் உடல் சூட்டில் அது டி3 ஆக மாறுகிறது. கல்லீரல் அதை ஒருமுறை மாற்றுகிறது. சிறுநீரகம் இன்னொருமுறை மாற்றி, குடலில் வேலை செய்யக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. சூடு, வெளிச்சம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் எது பழுதானாலும் கால்சியப் பொடி கழிவோடு வெளியே போய்விடும். சரியான யூவிபி விளக்கு எரிந்தும் கூண்டு குளிர்ந்துகிடந்தால் நோய் வருவது இதனால்தான். வயதான பச்சோந்தியில் சிறுநீரகக் கோளாறே இதே மாதிரி எலும்பைக் கரைப்பதும் உண்டு.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது பச்சோந்தியின் நடத்தை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், டி3 குறைவாகக் கொடுக்கப்பட்ட பாந்தர் வகைப் பச்சோந்திகள் தாமாகவே அதிகப் புற ஊதா வெளிச்சத்தைத் தேடிப் போயின. சாப்பாட்டில் டி3 போதுமான அளவு கிடைத்தவை அவ்வளவாகப் போகவில்லை. தனக்கு எவ்வளவு வெயில் வேண்டும் என்பது அதற்குத் தெரியும். நாம் செய்ய வேண்டியது தேர்ந்தெடுக்க இடம் கொடுப்பது: கூண்டில் ஒருபக்கம் பிரகாசமான, சூடான கிளை, மறுபக்கம் அடர்ந்த இலைகளின் நிழல். வெயிலில் தயாராகும் டி3-க்கு இன்னொரு நல்ல குணமும் இருக்கிறது. அளவு மிஞ்சும்போது அதே வெளிச்சம் மிச்சத்தைச் செயலற்ற பொருள்களாக மாற்றிவிடும். வாய்வழியே கொடுக்கும் டி3-க்கு இந்தத் தடை கிடையாது. அது கூடினால் ரத்தக்குழாயிலும் சிறுநீரகத்திலும் கால்சியம் படியும். அதனால்தான் ‘விளக்கு வேண்டாம், டி3 பொடி போதும்’ என்ற யோசனையை நான் ஏற்பதில்லை.

விளக்கு வாங்கிவிட்டால் மட்டும் போதாது. சாதாரணக் கண்ணாடி யூவிபி-யைப் பெரும்பாலும் தடுத்துவிடும், அதனால் ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் சூடு தருமே தவிர டி3 தராது. கூண்டின் மேலிருக்கும் கம்பி வலையும் கணிசமான பங்கைப் பிடித்துக்கொள்ளும். விளக்கிலிருந்து கிளை தள்ளிப்போகப் போக அளவு வேகமாகக் குறையும். எல்லாவற்றையும்விட மோசம், யூவிபி தீர்ந்துபோன குழல்விளக்கும் நம் கண்ணுக்குப் பளிச்சென்றே எரியும். 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதற்காகத்தான். பல்பு வடிவில் வரும் சின்ன யூவிபி விளக்குகளைவிட, கூண்டின் நீளத்துக்கு வரும் ‘T5’ என்ற மெல்லிய குழல்விளக்கே நல்லது. கதிர் பரவலாக விழும், பச்சோந்தி எந்தக் கிளையில் உட்கார்ந்தாலும் கொஞ்சமாவது கிடைக்கும். புற ஊதாக் கதிரின் வலிமையை எண்ணாகக் காட்டும் யூவி இன்டெக்ஸ் மீட்டர் இருந்தால் ஊகத்துக்கே இடமில்லை. பாந்தர், வெய்ல்ட் ஆகிய பச்சோந்தி வகைகளுக்கு வெயில்காயும் கிளையில் அந்த எண் 3 அளவுக்கு இருக்கும்படி பலரும் பார்த்துக்கொள்கிறார்கள்.

இனி சாப்பாடு. பூச்சிகளுக்கு எலும்பு இல்லை, அதனால் பெரும்பாலானவற்றில் கால்சியமும் சொற்பம். சாப்பாட்டில் பாஸ்பரஸைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கால்சியம் இருக்க வேண்டும். சுவர்க்கோழியிலோ நிலைமை தலைகீழ், பாஸ்பரஸ்தான் பல மடங்கு அதிகம். கூடுதல் பாஸ்பரஸ் கால்சியத்தை உறிஞ்சவிடாமல் செய்யும், பாராதைராய்டையும் தூண்டிவிடும். மாவுப்புழுவும் இதே கதைதான். பிளாக் சோல்ஜர் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு; அதன் தோலிலேயே கால்சியம் படிந்திருக்கும். மற்றவற்றுக்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். கொடுப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பூச்சிக்குக் கால்சியம் நிறைந்த தீனி போட வேண்டும். கொடுக்கும் நேரத்தில் பாஸ்பரஸ் இல்லாத கால்சியப் பொடியில் புரட்ட வேண்டும். பொடி பூசிய பூச்சியைக் கூண்டில் ஓடவிட்டால் அது தன்னைத் துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும், எனவே உடனே சாப்பிடும்படி கொடுப்பது முக்கியம். வைட்டமின் கலந்த பொடிகளை மாதத்துக்குச் சில முறைக்கு மேல் தேவையில்லாமல் தூவ வேண்டாம். வைட்டமின் ஏ அளவு மீறினால் டி3-இன் வேலையைக் கெடுக்கும்.

வேகமாக வளரும் குட்டிகளுக்கும் முட்டையிடும் பெண்களுக்கும் ஆபத்து அதிகம். வெய்ல்ட் பச்சோந்தி ஒரு வருடத்துக்குள் முழு வளர்ச்சியை எட்டிவிடும், அதற்குள் முழு எலும்புக்கூட்டையும் கட்டியாக வேண்டும். அதன் பெண், ஆண் துணையே இல்லாமலும் முட்டையிடும். ஒரு தடவைக்குப் பல பத்து முட்டைகள். அத்தனைக்கும் கால்சியம் தாயின் உடலிலிருந்துதான் போகிறது. கால்சியம் போதாவிட்டால் முட்டையை வெளியே தள்ளும் தசைக்கே பலம் இருக்காது, முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

ஆரம்பத்தில் என்ன தெரியும்? குறி தவறும் நாக்கு. பச்சோந்தியின் நாக்கு உடல் நீளத்தைத் தாண்டிப் பாய்வது. அதற்குத் தசையும் எலும்பும் நரம்பும் நொடிக்குள் ஒத்துழைக்க வேண்டும். பூச்சியைப் பார்த்தும் நாக்கு பாதி தூரத்தில் விழுந்தாலோ, வெளியே போனது திரும்பி உள்ளே வரச் சிரமப்பட்டாலோ அலட்சியம் வேண்டாம். நடக்கும்போது உடம்பைத் தூக்கிவைக்க முடியாமல் வயிற்றைக் கிளையில் தேய்ப்பது, அடிக்கடி கீழே விழுவது, கூண்டின் தரையிலேயே கிடப்பது, விரல்கள் துடிப்பது ஆகியவையும் சேரும். பிந்திய நிலையில் தாடை ரப்பர் போல இளகும், வாய் சரியாக மூடாது, தலைக்கொண்டை ஒரு பக்கம் சாயும், முதுகெலும்பு நெளியும். கால் எலும்பு பச்சைக் கொம்பு மாதிரி முழுதாக முறியாமல் வளைந்தோ நடுவில் மடிந்தோ போகும். ஒரே காலில் இரண்டு முழங்கை இருப்பதுபோலத் தெரியும். உடம்பு நடுங்குவதும் வலிப்பு வருவதும் ரத்தத்திலேயே கால்சியம் சரிந்துவிட்டதைக் காட்டுகின்றன. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை அது.

ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் முதலில் எக்ஸ்ரே எடுப்பார். மெலிந்த எலும்பு, பழைய முறிவுகள், வயிற்றில் முட்டைகள் எல்லாம் அதில் தெரியும். ஆனால் எலும்பிலுள்ள தாதுவில் கணிசமான பங்கு போன பிறகுதான் எக்ஸ்ரேயில் மாற்றம் தென்படும். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று வந்தாலும் நிம்மதியடைய முடியாது, எலும்பைக் கரைத்துத்தானே அந்த எண்ணை உடல் காப்பாற்றி வைத்திருக்கிறது.

நடுக்கம் இருந்தால் கால்சியம் குளுக்கோனேட் ஊசி. உயிர்ப்பயம் நீங்கியதும் வாய்வழித் திரவக் கால்சியம், உடல் வறண்டிருந்தால் நீரேற்றம், தேவை என்றால் அளந்து டி3, வலிக்கு மருந்து. கால்சிட்டோனின் என்ற ஹார்மோன் ஊசி எலும்பு கரைவதை நிறுத்த உதவும். ஆனால் ரத்தக் கால்சியம் குறைந்திருக்கும்போது போட்டால் அதை மேலும் இறக்கி உயிருக்கே ஆபத்தாகும், எனவே அளவு சீரான பிறகே அதைப் பற்றி யோசிப்பார்கள். இணையத்தில் பார்த்த அளவை வைத்து வீட்டிலேயே மருந்து கொடுக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான். சில பத்து கிராமே எடையுள்ள குட்டிக்கு ஒரு சொட்டு வித்தியாசமும் பெரிய வித்தியாசம்.

வீட்டில் செய்ய வேண்டியவை வேறு. கிளைகளைத் தாழ்வாக, படுக்கைவாட்டில், பிடிக்கத் தோதான தடிமனில் கட்டுங்கள். விழுந்தால் அடிபடாதபடி தரையில் மெத்தென்று ஏதாவது விரியுங்கள். எடுப்பதைத் தவிருங்கள், எடுத்தே ஆக வேண்டுமென்றால் காலைப் பிடித்து இழுக்காமல் வயிற்றுக்கடியில் கையை நீட்டி, அதுவாக ஏறிவர விடுங்கள். நாக்கு வேலை செய்யாவிட்டால் பூச்சியைக் கிண்ணத்திலோ வாய்க்கு அருகிலோ காட்டலாம். வலுக்கட்டாயமாக வாயைத் திறந்து ஊட்டினால் இளகிய தாடை உடைந்துவிடும். அதைச் செய்யும் முறையை மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்வதே நல்லது.

குணமாக மாதக்கணக்கில் ஆகும். பிடி திரும்புவதும் நடுக்கம் நிற்பதும் முதலில் நடக்கும், எலும்பு கெட்டிப்படுவது மெதுவாகத்தான். வளைந்த எலும்பு வளைந்தபடியே கெட்டியாகும், நிமிராது. நாக்கின் பாய்ச்சலும் சிலவற்றில் முழுதாகத் திரும்பாது. அவை கிண்ணத்தில் சாப்பிட்டே நன்றாக வாழ்கின்றன. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே கால்சியத் திரவத்தை நிறுத்த வேண்டும். பெண்ணாக இருந்தால், இடுப்பெலும்பு குறுகிப்போயிருக்கிறதா என்று அதே படத்தில் பார்க்கச் சொல்லுங்கள். குறுகியிருந்தால் அடுத்த முட்டைக் காலம் வருவதற்குள் சூலகத்தை அகற்றும் அறுவை சிகிச்சை தேவையா என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யலாம்.