வரையறைக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்

மறுபடியும் அதே கதை. துறை வேறு, அனுப்பியவர்கள் வேறு, நோய் மட்டும் பழைய நோய். மறுஆய்வுக்கு வந்த ஆன்டாலஜியில் (ஒரு துறையின் கருத்துகளை வகுப்புகளாகப் பிரித்து, அவற்றின் பொருளையும் உறவுகளையும் மனிதருக்கும் கணினிக்கும் சொல்லும் தொகுப்பு) ‘உள்நோயாளி சேர்க்கை’க்கு எழுதப்பட்டிருந்த வரையறை இது: “நோயாளி ஒருவர் உள்நோயாளியாகச் சேர்க்கப்படுவது.” அடுத்திருந்த ‘சிகிச்சை நிகழ்வு’க்கும் ‘வெளியேற்ற’த்துக்கும் வரையறைக் கட்டமே காலி. ஆனால் வகுப்புகளின் படிநிலை வண்ணம் பூசிய வரைபடமாக இணைக்கப்பட்டிருந்தது. படம் வரைய நேரம் இருந்திருக்கிறது.

இதை நம்பி இரண்டு மருத்துவமனைகளின் தரவை ஏற்கெனவே இணைத்துவிட்டார்கள். ஒன்றில், காலையில் வந்து டயாலிசிஸ் முடித்து மாலையில் வீடு திரும்புகிறவரும் ‘சேர்க்கை’தான். மற்றதில் ஓர் இரவாவது தங்கினால்தான் கணக்கு. சராசரி தங்கும் நாட்களை ஒப்பிட்ட நிர்வாகம், இரண்டாவது மருத்துவமனையைக் கூப்பிட்டு “நோயாளிகளை ஏன் இவ்வளவு நாள் வைத்திருக்கிறீர்கள்?” என்று விளக்கம் கேட்டிருக்கிறது. மென்பொருள் ஒரு பிழையும் காட்டவில்லை. காட்டவும் காட்டாது.

கேட்டால் வருகிற பதில் எனக்கு மனப்பாடம்: “பெயரைப் பார்த்தாலே தெரியுமே!”

தெரியாது. உங்கள் துறைக்குள், உங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். பொது ஆன்டாலஜி எழுதுவதே அந்த மேசைக்கு வெளியே இருப்பவருக்காகத்தானே? சாலை விபத்து மரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிடத் தெளிவான பெயர் உண்டா? அடிபட்டவர் பத்தாம் நாள் மருத்துவமனையில் இறந்தால் அது சாலை விபத்து மரணமா, இல்லையா? சர்வதேசப் புள்ளிவிவரங்களில் 30 நாட்களுக்குள் நேரும் மரணத்தைச் சேர்க்கிறார்கள். பிரான்சில் 2004 வரை 6 நாட்கள்தான் கணக்கு. 2005இல்தான் 30க்கு மாறினார்கள். அந்தப் பத்தாம் நாள் மரணம் ஒரு நாட்டின் பட்டியலில் இருக்கும், இன்னொரு நாட்டின் பட்டியலில் இருக்காது. இரு பட்டியல்களின் தலைப்பும் ஒன்றே.

பேறுகால மரணத்துக்கு உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் வரையறையையும் பாருங்கள். கர்ப்ப காலத்திலோ கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தோடு அல்லது அதற்கான சிகிச்சையோடு தொடர்புடைய காரணத்தாலோ, அவற்றால் மோசமான காரணத்தாலோ நேரும் மரணம். விபத்தும் தற்செயலான காரணங்களும் நீங்கலாக. 42 நாட்களுக்குப் பின், ஓர் ஆண்டுக்குள் நேர்ந்தால் அதற்குத் தனி வகை இருக்கிறது. இந்த 42, இந்த ‘நீங்கலாக’, இந்தத் தனி வகை, எதுவுமே பெயரில் இல்லை. பெயரைப் பார்த்தே தெரிந்துகொண்டவர் இவற்றில் எதைத் தெரிந்துகொண்டார்?

“எங்களிடம் முறைசார் விதிகள் இருக்கின்றன, ரீசனர் பார்த்துக்கொள்ளும்” என்பவர்கள் அடுத்த ரகம். ரீசனர் என்பது தர்க்க வடிவில் எழுதிய அந்த விதிகளிலிருந்து முடிவுகளைப் பெறும் மென்பொருள். அதற்கு உங்கள் பெயர்கள் வெறும் எழுத்துக் கோவை. ஒவ்வொரு பெயரையும் அழித்துவிட்டு அர்த்தமில்லாத எழுத்துகளைப் போட்டாலும் அது அதே முடிவுகளைத்தான் தரும். அது கண்டுபிடிப்பது உங்கள் விதிகளிலிருந்து வரும் முடிவுகளையும் அவற்றில் உள்ள முரண்பாடுகளையும் மட்டுமே. இருவர் ஒரே வகுப்பை இரு பொருளில் நிரப்பினால் அதில் தர்க்க முரண்பாடு இல்லை. (போகிற போக்கில் ஒன்று: ஆர்டிஎஃப் ஸ்கீமா என்ற தரவு விவரிப்பு மொழியில் ஒரு பண்புக்கு ‘டொமைன்’, அதாவது அது எந்த வகுப்புக்கு உரியது என்று, அறிவித்தால் தவறான தரவு தடுக்கப்படும் என்று இன்னமும் நம்புகிறார்கள். தடுக்காது. மருந்துக்குரிய பண்பைக் கட்டிலுக்குக் கொடுத்தால், கட்டிலும் மருந்துதான் என்று அமைதியாக முடிவுகட்டும். சரிபார்க்க வேண்டுமென்றால் ஷேக்கிள் போன்ற தரவுச் சரிபார்ப்பு மொழிகள் இருக்கின்றன.)

சரி, எப்படி எழுதுவது? அரிஸ்டாட்டில் காலத்து வழியே போதும்: இது எந்தப் பொதுவகையைச் சேர்ந்தது, அந்த வகையின் மற்றவற்றிலிருந்து எதனால் வேறுபடுகிறது. உயிரியல், மருத்துவ ஆன்டாலஜிகளை ஒருங்கிணைக்கும் ஓபிஓ ஃபவுண்டரியும் இந்த வடிவத்தைத்தான் பரிந்துரைக்கிறது. பெயரில் உள்ள சொல்லையே வரையறையில் திருப்பிப் போடாதீர்கள். ‘முதலியன’, ‘பொதுவாக’, ‘தேவைக்கேற்ப’ என்ற மூன்றையும் கண்ட இடத்தில் வெட்டுங்கள். கால வரம்பு இருந்தால் எந்தக் கணத்திலிருந்து எண்ணுவது என்று சொல்லுங்கள். அளவு இருந்தால் அலகைச் சொல்லுங்கள். ‘மருந்து’ என்றால் வேதிப்பொருளா, வணிகப் பெயரா, அட்டையில் இருக்கும் மாத்திரையா, நோயாளிக்குக் கொடுத்த ஒரு வேளை அளவா? நான்கும் நான்கு வகுப்புகள்.

எல்லைக்கோட்டில் நிற்பவற்றைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பகல்நேர டயாலிசிஸ் சேருமா? அவசரப் பிரிவில் இரவு முழுக்க ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தவர் சேருவாரா? ஸ்கோஸ் என்ற சொற்தொகுதித் தரநிலையில் வரையறைக்கு ஓர் இடம், பயன்பாட்டு எல்லைக்கு ஓர் இடம், எடுத்துக்காட்டுக்கு ஓர் இடம் என்று பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ‘கமென்ட்’ என்ற ஒரே பைக்குள் திணிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எழுதியதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, செலவில்லாதது. பெயரை மறைத்துவிட்டு வரையறையை மட்டும் வெவ்வேறு துறையினர் இருவரிடம் கொடுங்கள். குழப்பமான சில நிகழ்வுகளைத் தந்து, எது உள்ளே எது வெளியே என்று தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இருவரும் வேறு வேறாகப் பிரித்தால் வரையறையைத் திருத்துங்கள், அவர்களை அல்ல.

ஒரு கெஞ்சல். வெளியிட்ட பிறகு பொருளை மாற்ற நேர்ந்தால், பழைய அடையாள எண்ணுக்குள்ளேயே புதுப் பொருளை நுழைக்காதீர்கள். எழுத்துப்பிழையைத் திருத்துவது வேறு. பொருள் மாறினால் பழையதை ‘வழக்கொழிந்தது’ என்று குறித்து, அதற்குப் பதிலாக எதைப் பயன்படுத்துவது என்று காட்டிப் புது எண் கொடுங்கள். மரபணுக்களின் செயல்பாடுகளை வகைப்படுத்தும் ஜீன் ஆன்டாலஜியில் இதுதான் நடைமுறை. அந்த எண்ணை நம்பித் தரவைக் குறியிட்டவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை. அதேபோல, இன்னோர் ஆன்டாலஜியில் இதே பெயரைக் கண்டவுடன் ‘இரண்டும் ஒன்றே’ என்று இணைத்துவிடாதீர்கள். இரண்டு வரையறைகளையும் படியுங்கள். ஒன்றில் வரையறையே இல்லையென்றால் இணைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கூட்டத்தில் சண்டை தீரவில்லையா? நல்லது. இருவரும் இரண்டு விஷயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம். ‘இரவு தங்கிய சேர்க்கை’, ‘பகல்நேரச் சேர்க்கை’ என்று இரண்டாகப் பிரியுங்கள். இரண்டுக்கும் மேலே பொதுவகை ஒன்றை வைத்து, அதற்கும் வரையறை எழுதுங்கள். யார், எந்தத் தேதியில் ஒப்புக்கொண்டார் என்பதையும் அங்கேயே பதிந்துவிட்டு அனுப்புங்கள். மறுஆய்வை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.