முதலில் கைக்கு வரும் புத்தகம்

"சார், இவரைப் போய் பெரிய எழுத்தாளர்னு சொல்றாங்களே?" என்று கேட்டபடி ஒரு கல்லூரி மாணவர் புத்தகத்தை என் மேசையில் வைத்தார். ஃபிலிப் கே. டிக் எழுதிய 'தி கிராக் இன் ஸ்பேஸ்'. நாற்பதாவது பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. அதைத் தாண்டி அவர் போகவில்லை. 'பிளேட் ரன்னர்' படத்தைப் பார்த்துவிட்டு, அதன் மூலக்கதையை எழுதியவர் யார் என்று தேடிக்கொண்டு நூலகத்துக்கு வந்த பையன் அவர்.

தப்பு அவருடையது இல்லை. டிக்கின் நல்ல நாவல்கள் ரேக்கில் தங்குவதே இல்லை. ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால் அடுத்தவர் வாங்கிப் போய்விடுவார். யாரும் கேட்காத சுமாரான புத்தகங்கள்தான் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். புதிதாக வருகிறவர் கையில் அகப்படுவது அதுதான். இருபது வருடங்களுக்கு மேலாக நூலகத்தில் இருக்கிறேன். அறிவியல் புனைகதைப் பகுதியில் இது நடப்பதுபோல வேறெங்கும் நடந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஆள் எழுதிய இரண்டு புத்தகங்களுக்கு நடுவே அங்கே அவ்வளவு தூரம் இருக்கிறது.

காரணம் திறமைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வயிற்றுப்பாடு.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் வீட்டிலிருந்து நன்கொடையாக வந்த அட்டைப்பெட்டியில் ஓர் 'ஏஸ் டபுள்' கிடைத்தது. அமெரிக்காவின் ஏஸ் நிறுவனம் வெளியிட்ட மலிவுப் பதிப்பு, விலை 35 சென்ட். ஒரு பக்கம் அட்டையைத் திறந்தால் ஒரு நாவல். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கம் திறந்தால் வேறொருவரின் நாவல், அதற்கும் தனி முகப்புப் படம். இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு முடியும். இரண்டும் ஒரே கட்டில் அடங்க வேண்டும் என்பதால் நீளத்துக்கும் வரம்பு உண்டு. நான் பார்த்தது 1960ஆம் ஆண்டுப் பதிப்பு. ஒரு புறம் டிக்கின் 'வல்கன்ஸ் ஹாமர்', மறுபுறம் ஜான் பிரன்னரின் 'தி ஸ்கைநாப்பர்ஸ்'. டிக்கின் கதை 1956இல் பத்திரிகையில் வந்த குறுநாவல். அதை இழுத்து நீட்டியிருக்கிறார். இரண்டையுமே இன்று யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் மூன்றே வருடத்தில் டிக் 'தி மேன் இன் தி ஹை காஸில்' நாவலுக்காக, அறிவியல் புனைகதைக்குத் தரப்படும் பெரிய விருதான ஹியூகோ விருது வாங்கினார். பிரன்னர் 1969இல் 'ஸ்டாண்ட் ஆன் ஸான்ஸிபார்' நாவலுக்காக அதே விருதைப் பெற்றார். அந்த 35 சென்ட் புத்தகத்தோடு இருவரையும் மூடி வைத்திருந்தால் எவ்வளவு போயிருக்கும்!

டிக்குக்கு இலக்கிய நாவல் எழுத வேண்டும் என்றுதான் ஆசை. விற்காமல் கிடந்த அவருடைய அந்த வகை நாவல்களை எல்லாம் 1963இன் தொடக்கத்தில் அவருடைய முகவர் மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வருடமும் அடுத்த வருடமும் குடும்பத்தை ஓட்ட வேண்டிய கட்டாயத்தில், தூக்கம் வராமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்டு, பத்து நாவல்களுக்கு மேல் எழுதித் தள்ளினார். அந்த அவசரத்தில் பிறந்ததுதான் மாணவர் பாதியில் விட்ட புத்தகம். அதே அவசரத்தில்தான் 'தி த்ரீ ஸ்டிக்மாட்டா ஆஃப் பாமர் எல்ட்ரிச்' நாவலும் பிறந்தது. படித்து முடித்தபின் எதிரே இருக்கும் சுவர் நிஜமா என்று தொட்டுப் பார்க்கவைக்கும் புத்தகம் அது. ஆகவே, "எந்தக் காலத்தில் எழுதியது?" என்ற கேள்வி டிக் விஷயத்தில் உதவாது. தெரிந்தவர் ஒருவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளரான ராபர்ட் சில்வர்பெர்க்குக்கு அந்தக் கேள்வி நன்றாகவே உதவும். 1956இல், இருபத்தொரு வயதில், நம்பிக்கையூட்டும் புதிய எழுத்தாளர் என்று ஹியூகோ பெற்றவர். அதன்பின் வருடத்துக்குப் பத்து லட்சம் சொற்கள் என்ற கணக்கில், பல புனைபெயர்களில் எழுதிக் குவித்தார். பத்திரிகைகள் சொல்லுக்கு இவ்வளவு காசு என்று எண்ணிக் கொடுத்த காலம். திருத்தி எழுத உட்கார்ந்தால் அன்றைய வருமானம் போச்சு. அறுபதுகளில் 'கேலக்ஸி' பத்திரிகையின் ஆசிரியர் ஃபிரடெரிக் போல், "உங்கள் இஷ்டப்படி எழுதுங்கள்" என்று அவருக்குச் சுதந்திரம் கொடுத்தார். அப்புறம் வந்தவை வேறு ஆளின் எழுத்துபோல இருக்கும். 1970இல் 'டவுன்வர்ட் டு தி எர்த்', 1972இல் 'டையிங் இன்சைட்'. பிறர் மனதைப் படிக்கும் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனின் கதை இரண்டாவது. முதுமை பற்றி நான் வாசித்தவற்றில் இவ்வளவு நெருக்கமானது குறைவு. சில்வர்பெர்க் என்று யாராவது கேட்டு வந்தால், 1967க்கும் 1976க்கும் இடைப்பட்டதைத்தான் தேடித் தருகிறேன்.

அதே துறையின் மூத்த அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைனுக்கு வந்த சிக்கல் வேறு. 1970இல் வந்த 'ஐ வில் ஃபியர் நோ ஈவில்' நாவலின் கைப்பிரதியை முடித்த கையோடு கடும் நோயில் விழுந்தார். வழக்கமாகச் செய்யும் வெட்டும் திருத்தமும் இல்லாமலே அது அச்சேறியது. அந்தத் தொய்வு பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

ஆர்தர் சி. கிளார்க்கின் ராமா வரிசையைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர் என்பதால் நம்மவர்களுக்கு அவர்மேல் ஒரு தனி ஒட்டுதல் உண்டு. 1973இல் வந்த 'ராந்தேவு வித் ராமா' ஹியூகோ, அதே துறையின் மற்றொரு பெரிய விருதான நெபுலா இரண்டையும் வென்றது. அந்நிய விண்கலம் ஒன்றுக்குள் மனிதர்கள் முதன்முறையாக நுழைகிறார்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு விடை தெரியாமலே திரும்புகிறார்கள். அந்த விடை தெரியாமைதான் அதன் அழகு. 1989 தொடங்கி அதற்கு மூன்று தொடர்ச்சிகள் வந்தன. அட்டையில் கிளார்க்கின் பெயரோடு ஜென்ட்ரி லீ என்ற பெயரும் இருக்கும். எழுத்து பெரும்பாலும் இரண்டாமவருடையது. பக்கங்களும் அதிகம், குடும்பச் சண்டைகளும் அதிகம். முதல் புத்தகம் இரவலில் வெளியே போயிருக்கும் நாட்களில், அந்தத் தடித்த தொடர்ச்சியைத் தூக்கிக்கொண்டு போய் ஏமாந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து அட்டையில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் இன்னொரு வழி இருக்கிறது: நாவலில் ஆரம்பிக்காமல், தேர்ந்தெடுத்த சிறுகதைகளின் தொகுப்பில் ஆரம்பிப்பது. தொகுப்பாசிரியர் ஒருவர் ஏற்கெனவே சலித்துக் கொடுத்திருப்பார். டிக்குக்கும் சில்வர்பெர்க்குக்கும் இது நன்றாகவே ஒத்துவரும்.

அந்த மாணவரிடம் 'தி மேன் இன் தி ஹை காஸில்' நாவலுக்குப் பெயர் பதிந்து வைக்கச் சொன்னேன். அரை மனதோடுதான் பதிந்தார். பதினோரு நாள் கழித்துப் புத்தகம் திரும்பி வந்ததும் கூப்பிட்டுக் கொடுத்தேன். இரண்டு முறை தவணை நீட்டிவிட்டார். மூன்றாம் முறை நீட்ட முடியாது, அவருக்குப் பின்னால் ஒரு பள்ளி ஆசிரியை காத்திருக்கிறார் என்றேன். "நாளைக்குக் கொண்டு வந்துடறேன் சார், இன்னும் பன்னிரண்டு பக்கம்தான்" என்றார்.