நீங்கள் வரவில்லை என்றால் யார் தேடுவார்கள்?

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி ஆனால் அந்தப் பெரியவர் என் கிளினிக்குக்கு வந்துவிடுவார். எழுபதைத் தாண்டியவர். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறார். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இவர் மட்டும். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

பிரஷருக்கு மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். அவர் வாரா வாரம் வந்தார். "தலை லேசா கிறுகிறுன்னு வருதுங்க டாக்டரம்மா", "ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுதுங்க", "நெஞ்சுல என்னமோ அடைக்கிற மாதிரி இருக்குதுங்க" என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று. ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, பி12, சர்க்கரை என்று எல்லாம் பார்த்தேன். பயப்படும்படி எதுவும் இல்லை. மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த செவ்வாயும் வந்தார்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். உள்ளே வரும்போதே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவார். பிரஷர் பார்த்து, பட்டையைக் கழற்றிச் சுருட்டி வைத்த பிறகும் கையை மேஜை மேல் நீட்டியபடியே வைத்திருப்பார். "இன்னொரு தடவை பாத்துடுங்களேன்" என்பார். வெளியில் ஆட்கள் காத்திருக்கும் அவசரத்தில், "சரியா இருக்குதுங்க ஐயா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். அந்த வாரம் முழுவதும் இன்னொரு மனிதரின் கை அவர் மேல் பட்டது அந்த ஒரு நிமிடம்தான் என்பது எனக்கு உறைக்க மூன்று மாதம் ஆனது.

உறைக்க வைத்தது ஒரு சினிமா. 2013-ல் ரிதேஷ் பத்ரா இயக்கத்தில் வந்த 'தி லஞ்ச்பாக்ஸ்' என்ற இந்திப் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பார்த்தேன். மும்பையில் ஓய்வு பெறப்போகும் ஓர் அலுவலர், மனைவியை இழந்தவர். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் இர்ஃபான் கான். இன்னொரு பக்கம் இலா என்ற இளம்பெண். கணவனும் குழந்தையும் உள்ள வீட்டில் பேச ஆளில்லாமல் சமைத்துக்கொண்டிருப்பவள். அவள் கணவனுக்கு அனுப்பும் சாப்பாட்டு டப்பா தவறிப்போய் இவர் மேஜைக்கு வருகிறது. பிறகு டப்பாவுக்குள் சீட்டு எழுதிப் பேசிக்கொள்கிறார்கள்.

காதல் படம் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. டப்பா காலியாகத் திரும்பி வந்ததைப் பார்த்து இலாவின் முகம் மலருமே, படத்தின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் அனுப்பியது போய்ச் சேர்ந்திருக்கிறது, யாரோ ரசித்துச் சாப்பிட்டிருக்கிறார் என்ற நிறைவு அது. அந்தப் பக்கம் அவருக்கோ, மத்தியானம் ஆனால் டப்பா வரும் என்ற எதிர்பார்ப்பு. இரண்டு பேருக்கும் தன்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்பதே மருந்தாகிறது. சுற்றிலும் ஆயிரம் பேர் இருந்தும் மும்பை ரயிலில் நின்றுகொண்டு போகும் அந்த மனிதருக்கு அதுவரை கிடைக்காதது அதுதான்.

இலாவின் மாடி வீட்டு ஆன்ட்டியையும் சொல்ல வேண்டும். படம் முழுக்க அவர் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். குரல் மட்டும்தான் வரும். ஜன்னல் வழியாகக் கயிற்றில் கூடை இறக்கி மசாலா கொடுப்பார். கூடை ஏறி இறங்குவதற்கு முகம் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த செவ்வாய் பெரியவர் வந்தபோது ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டேன். "ஐயா, நாளைக்குக் காலையில நீங்க கதவைத் திறக்கலேன்னா, யாருக்கு மொதல்ல தெரியும்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "பால்காரர்தான்" என்றார். பிறகு அவரே, "அவரும் இப்ப பெல் அடிக்கறதில்லீங்க. கதவுல ஒரு பை மாட்டி வெச்சிருக்கேன், அதுல பாக்கெட்டைப் போட்டுட்டுப் போயிடுவாரு. ரெண்டு மூணு நாள் பாக்கெட் சேர்ந்தா வேணா கேப்பாரு" என்றார். அழவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

தனிமை, தனிமை என்ற பெயரில் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. கிறுகிறுப்பாக வரும், வயிற்று உப்புசமாக வரும், தூக்கமின்மையாக வரும். யாரும் வாய் திறந்து "எனக்கு யாருமில்லை" என்று சொல்வதில்லை. பெற்ற பிள்ளைகளைக் குறை சொன்னது போலாகிவிடும் என்ற கூச்சம் அது. ஜான் கசியோப்போ என்ற அமெரிக்க உளவியலாளர் தனிமையுணர்வைப் பசியோடும் தாகத்தோடும் ஒப்பிட்டார். உடம்பு தனக்குத் தேவையானதைக் கேட்கும் சமிக்ஞை அது. கவனிக்காமல் விட்டால் உடம்பு எந்நேரமும் உஷார் நிலையிலேயே இருக்கும். தூக்கம் துண்டு துண்டாகும், பிரஷர் ஏறும், இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் மறதி நோய்க்கும் வாய்ப்பு கூடும். ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற இன்னோர் அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் 148 ஆய்வுகளில் இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்து 2010-ல் வெளியிட்டார்கள். ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, நல்ல உறவுகள் உள்ளவர்களுக்கு 50 சதவீதம் அதிகம் என்று அதில் தெரிந்தது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை.

அந்த அறிக்கையில் என்னை உலுக்கியது வேறொன்று. தனிமையை அதிகம் சொன்னவர்கள் முதியவர்கள் இல்லை, பதின்வயதுப் பிள்ளைகள்.

அதனால் "அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பம் இருந்தது, தனிமையே இல்லை" என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. பத்துப் பேர் சாப்பிட்ட வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டுவிட்டு அடுப்படியிலேயே படுத்துக்கொண்ட பாட்டிகளை நமக்குத் தெரியும். இன்றும் ஆள் நிறைந்த வீடுகளிலிருந்து இலாக்கள் வருகிறார்கள். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து டவுனில் வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், ஓயாத தலைவலி என்று வந்தார். கூடவே கணவரும் மாமியாரும் வந்திருந்தார்கள். நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவர்கள் இருவருமே பதில் சொன்னார்கள். அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "நேத்து யாருகிட்டயாவது மனசுவிட்டுப் பேசினியாம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் வாயைத் திறக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

பெற்றோரைத் தனியாக விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் செய்யுங்கள். காது மந்தமானவர்கள் "என்ன? என்ன?" என்று கேட்கக் கூச்சப்பட்டு, மெல்லக் கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்துவார்கள், பிறகு போன் எடுப்பதை. பிள்ளைகள் அதை வயசான பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வார்கள். எதிலும் நாட்டமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் அது வெறும் தனிமை இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். முதியோருக்கென்று 14567 என்ற உதவி எண் இருக்கிறது.

"பார்க்குக்குப் போங்க, நாலு பேர்கிட்டப் பேசுங்க" என்று நானும் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் போனாலும் போகாவிட்டாலும் கேட்க ஆளில்லாத பார்க்குக்கு எத்தனை நாள் போவார்? பெரியவரிடம் இந்த முறை வேறு மாதிரிக் கேட்டேன். "உங்களால ஆகற மாதிரி பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஏதாவது தேவை இருக்குதுங்களா?"

இருந்தது. எதிர் ஃபிளாட்டில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை பள்ளி வேனில் வந்து இறங்கி, அம்மா வரும்வரை வாட்ச்மேன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதை அவர் பால்கனியிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தாராம். போய்க் கேட்க அவருக்கு இரண்டு வாரம் தயக்கம். கேட்டபோது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

பிரஷர் மாத்திரை இன்னும் போடுகிறார். மூன்று மணி முழிப்பும் முழுக்கப் போய்விடவில்லை. போன மாதம் கிளினிக்குக்குப் போன் செய்து, வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் தன் நேரத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார். வழக்கமான செவ்வாய் நான்கு மணியே காலியாக இருக்கிறதே என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"நாலு மணி ஆகாதும்மா" என்றாராம். "நாலு பத்துக்கு வேன் வந்துடும். நான் கேட்டுல நிக்கலேன்னா பாப்பா எறங்க மாட்டேங்குது."