தரவரிசையைப் பார்க்காதீர்கள், நிதியைப் பாருங்கள்: ஜெர்மனியில் முனைவர் பட்ட மேலாய்வுப் பணி

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் பணியாற்றும் எனக்கு, முனைவர் பட்டம் முடித்து, அடுத்த கட்ட ஆய்வுப் பணியான போஸ்ட்டாக் இடம் தேடும் தமிழ் மாணவர்களின் மின்னஞ்சல்கள் அடிக்கடி வருகின்றன. தரவரிசையில் முதலிடங்களில் உள்ள பேராசிரியர்கள் அனைவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியும் ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை என்பதே பெரும்பாலோரின் குறை. இதற்குக் காரணம் எப்போதும் திறமைக் குறைவு அன்று. கடிதம் போய்ச் சேர்ந்த நேரத்தில் அந்தப் பேராசிரியரிடம் சம்பளம் கொடுக்க நிதி இல்லாமல் இருந்திருக்கலாம்.

இங்கே போஸ்ட்டாக் பணியிடங்களில் பெரும்பகுதி, பேராசிரியர் வெளியிலிருந்து வென்றுவரும் திட்ட நிதியில்தான் உருவாகிறது. ஆகவே, அந்த நிதி யாருக்கு வந்திருக்கிறது என்று தேடுவதே முதல் வேலை. ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளையான டி.எஃப்.ஜி. நிதியளிக்கும் திட்டங்களைக் ‘கெப்ரிஸ்’ தரவுத்தளத்திலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டங்களைக் ‘கார்டிஸ்’ தளத்திலும் யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஐரோப்பிய ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஸ்டார்ட்டிங் கிராண்ட்’ பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலும் வெளியிடப்படுகிறது; ஐந்து ஆண்டுகளுக்குப் பொதுவாக 15 லட்சம் யூரோ வரை பெறும் அந்த இளம் ஆய்வாளர் தம் குழுவுக்கு ஆள் சேர்த்தே ஆக வேண்டும். நொபேல் பரிசாளருக்கு எழுதுவதைவிட இவருக்கு எழுதுவது பலன் தரும் என்பது என் அனுபவம். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்; அவருடைய திட்டத்தில் எந்தச் சோதனையை உங்களால் முதல் மாதத்திலேயே தொடங்க முடியும் என்பதை எழுதுங்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று ஒரு பெண் பேராசிரியருக்கு வந்த கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன்.

விளம்பரம் செய்யப்படும் பணியிடங்கள் பல, ஐரோப்பிய ஆய்வாளர் வேலைவாய்ப்புத் தளமான ‘யூராக்ஸெஸ்’ஸில் கிடைக்கும்.

நிதியை நீங்களே கொண்டுவருவது இன்னொரு வழி. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குத் தரும் நல்கைக்கு விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி நல்கைக்கான கடைசி நாள் பெரும்பாலும் செப்டம்பரில் வரும். ஆகஸ்டில் எழுதிக் கேட்பவருக்கு உதவ எந்தப் பேராசிரியருக்கும் நேரம் இருக்காது, மார்ச்சிலேயே பேச்சைத் தொடங்க வேண்டும். கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் ஜெர்மனியில் வசித்தவர், ஜெர்மன் நிறுவனத்துக்கான மேரி கியூரி நல்கைக்குப் பொதுவாகத் தகுதி பெறமாட்டார் என்பதைப் பலர் விண்ணப்பத்தை எழுதி முடித்த பிறகே அறிகிறார்கள்.

வாய்ப்பு வந்ததும், அது வேலை ஒப்பந்தமா, உதவித்தொகையா என்று கேளுங்கள். பொதுத்துறை ஊதிய அட்டவணையின் ‘இ13’ பிரிவிலான ஒப்பந்தத்தில், தனியாள் ஒருவரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரிக்கும் காப்பீடுகளுக்கும் போய்விடும் என்றாலும், மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் அதில் அடங்கும். உதவித்தொகையில் கையில் வருவது அதிகம்போலத் தோன்றும். ஆனால் மருத்துவக் காப்பீட்டை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், ஓய்வூதியக் கணக்கிலும் பொதுவாக எதுவும் சேராது. குடும்பத்துடன் வருபவர் இதைக் கணக்கிடாமல் கையெழுத்திடக் கூடாது.

வேலை தருவதற்காக இங்குள்ள எந்தப் பல்கலைக்கழகமும் கட்டணம் வாங்குவதில்லை. ‘பதிவுக் கட்டணம்’ கேட்டு வரும் நியமனக் கடிதம் போலி. நம் ஊரில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பின் வாய்மொழித் தேர்வுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதால், அந்த நிலவரத்தை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். பட்டம் கைக்கு வராததால் ஒப்பந்தம் தள்ளிப்போகும்போது திட்டத்தின் காலம் நிற்பதில்லை, பேராசிரியர் அடுத்தவரை அழைத்துவிடுவார்.