பிரேக் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில்

கார் வாங்கப் போகிறவர்கள் இன்ஜினின் பவரைக் கேட்கிறார்கள், மைலேஜ் கேட்கிறார்கள். பிரேக்கின் பவர் என்ன என்று கேட்பவரைப் பார்த்ததில்லை. ஆனால் கணக்குப் போட்டால், சாதாரணக் கார்களில் இன்ஜினைவிடப் பிரேக்தான் பலசாலி. 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 4,63,000 ஜூல். அழுத்தி மிதித்து மூன்றரை வினாடியில் நிறுத்திவிட்டால், அந்த நேரத்தில் பிரேக் சராசரியாக 130 கிலோவாட்டுக்கு, அதாவது சுமார் 175 குதிரைத்திறனுக்கு உழைத்திருக்கிறது. அந்த எடையுள்ள காரின் இன்ஜின் பெரும்பாலும் நூறு குதிரைத்திறனை ஒட்டித்தான் இருக்கும்.

அந்த ஆற்றல் எங்கே போகிறது? எங்கும் மறைவதில்லை, அப்படியே வெப்பமாகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவு. இதில் பெரும்பங்கு முன்சக்கரங்களில் இருக்கும் டிஸ்க் என்ற இரண்டு இரும்புத் தட்டுகளுக்குள், மூன்றரை வினாடிக்குள் இறங்குகிறது. பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்வதால் முன்பிரேக்குகள்தான் மூன்றில் இரண்டு பங்கு வேலையைச் செய்கின்றன. முன் டிஸ்க்குகள் பெரிதாகவும், நடுவில் காற்றுப் போக இடைவெளி விட்டும் வார்க்கப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

ஆகவே பிரேக் என்பது வண்டியின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடும் கருவி. இதை மனதில் வைத்துக்கொண்டால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் ஏன் தேய்கிறது, மலை இறக்கத்தில் ஏன் தீய்ந்த வாடை வருகிறது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை ஏன் மாற்றச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் காலின் பலம் சக்கரத்துக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். நாம் பெடலில் கொடுப்பது ஏறத்தாழ 20 கிலோ விசை என்று வைத்துக்கொள்ளலாம். பெடலே ஒரு நெம்புகோல். அது நான்கு மடங்காக்கி 80 கிலோவாகக் கொடுக்கிறது. அடுத்து பூஸ்டர். பெடலுக்குப் பின்னால், இன்ஜின் அறையின் சுவரில் உட்கார்ந்திருக்கும் பெரிய வட்டமான கறுப்பு டப்பா அதுதான். அதற்குள் ஒரு ரப்பர் திரை, அதன் ஒரு பக்கம் வெற்றிடம். பெட்ரோல் இன்ஜினில் அந்த வெற்றிடம் காற்று உறிஞ்சும் குழாயிலிருந்து கிடைக்கிறது. டீசலில் தனியாக ஒரு பம்ப் வைத்து உண்டாக்குகிறார்கள். பெடலை மிதித்ததும் திரையின் மறுபக்கம் வெளிக்காற்று நுழைந்து தள்ளுகிறது. 80 கிலோ இப்போது 240 கிலோ.

இந்த விசை, பிரேக் ஆயில் நிறைந்த மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. மூடிய திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போய்ச் சேரும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிளெய்ஸ் பாஸ்கல் சொன்ன விதி இங்கேதான் வேலை செய்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 22 மில்லிமீட்டர், சக்கரத்தில் பேட்டைத் தாங்கி டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் விட்டம் 54 மில்லிமீட்டர் என்றால் பரப்பளவில் ஆறு மடங்கு வித்தியாசம். அதனால் விசையும் ஆறு மடங்கு. காலில் கொடுத்த 20 கிலோ, பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும்போது ஏறக்குறைய 1,400 கிலோவாகிவிடுகிறது. இது சும்மா கிடைப்பதில்லை. கால் பல சென்டிமீட்டர் நகர்ந்தால் பேட் நகர்வது மில்லிமீட்டரில் ஒரு பங்குதான்.

நான்கு சக்கரங்களுக்கும் திரவத்தால் இயங்கும் பிரேக்கோடு விற்பனைக்கு வந்த முதல் கார் 1921இல் வெளிவந்த டியூசன்பெர்க் மாடல் ஏ. அதற்கு முன்பு கம்பிகளும் தண்டுகளும்தான். ஒரு பக்கக் கம்பி கொஞ்சம் தளர்ந்தால்கூட வண்டி மறுபக்கம் இழுக்கும். திரவத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போய்விடுமே என்ற ஆபத்து இருந்தது. அதனால் இன்றைய மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள், இரண்டு தனித்தனி வழிகள். பல கார்களில் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரு வழியில், மற்ற இரண்டும் இன்னொரு வழியில். ஒன்று ஒழுகிப் போனாலும் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போய், மற்றது பிடிக்கும்.

காலிப்பரைக் கழற்றிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அதற்குள் இருக்கும் ஒரு ரப்பர் வளையத்தைக் கட்டாயம் பாருங்கள். என் கணக்கில் பிரேக் அமைப்பிலேயே மிக அழகான பாகம் அதுதான். பிஸ்டனைச் சுற்றி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் வெட்டுமுகம் வட்டம் அல்ல, சதுரம். பெடலை மிதிக்கும்போது பிஸ்டன் வெளியே வர, வளையம் அதைவிட்டு நழுவாமல் அதோடு சேர்ந்து முறுக்கிக்கொள்கிறது. பெடலை விட்டதும் முறுக்கு விலகி, பிஸ்டனை ஒரு தலைமுடி அளவு பின்னால் இழுக்கிறது. பேட்டை டிஸ்க்கிலிருந்து விடுவிக்க அங்கே ஸ்பிரிங் தேவையில்லை. பேட் தேயத் தேய, வளையம் முறுக்கிக்கொள்ளும் எல்லையைத் தாண்டி பிஸ்டன் கொஞ்சம் நழுவிப் புதிய இடத்தில் நிலைகொள்கிறது. அதாவது இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்கிறது. பேட் பாதி தேய்ந்த பிறகும் பெடல் அதே உயரத்தில் பிடிப்பதற்குக் காரணம் ஒரு சின்ன ரப்பர் வளையம்.

இதிலிருந்து கார் வைத்திருப்பவர்களுக்கு உடனே பயன்படும் ஒரு செய்தி கிடைக்கிறது. பேட் தேய்ந்து பிஸ்டன் வெளியே வந்த இடத்தை நிரப்புவது பிரேக் ஆயில்தான். ஆகவே பேட் தேயும்போது, மாஸ்டர் சிலிண்டரோடு சேர்ந்த ஆயில் டப்பாவில் மட்டம் மெதுவாக இறங்கத்தான் செய்யும். எங்கும் ஒழுகல் இல்லாமல் மட்டம் மட்டும் இறங்கினால், பேட்டைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். அதைப் பார்க்காமல் ஆயிலை மேல்வரை ஊற்றி நிரப்பிவிட்டால் அந்த எச்சரிக்கையை நாமே அழித்துவிடுகிறோம். அப்புறம் புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். கூடுதலாக ஊற்றிய ஆயில் டப்பாவிலிருந்து வழியும். அது பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும். மட்டம் திடீரென்று இறங்கினால் கதை வேறு. அது ஒழுகல்தான், வண்டியை எடுக்கவே கூடாது.

பேட் புதிதாக இருக்கும்போது சுமார் 10 மில்லிமீட்டர் கனம். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுவது நல்லது. பல பேட்களில் ஒரு மெல்லிய இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் அந்த அளவுக்குத் தேய்ந்ததும் நாக்கு டிஸ்க்கை உரசிக் கீச்சென்று கத்தும். மழைக்குப் பிறகு காலையில் முதல் இரண்டு மூன்று மிதிப்புக்கு மட்டும் வரும் கரகர சத்தம் டிஸ்க்கின் மேல் படிந்த துரு. அது தானாகப் போய்விடும்.

சரி, வெப்பத்துக்கு வருவோம். பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் பெரும்பாலும் கிளைக்கால் ஈத்தர் வகை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ரப்பர் குழாய்களின் வழியாகவும், டப்பாவின் மூடியில் உள்ள மூச்சுத் துளை வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாக உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. பிரேக் ஆயிலின் தரத்தை டாட் எண்ணால் குறிக்கிறார்கள். டாட் 3 என்று குறித்த ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த பிறகு அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4க்கு 230, ஈரமேறிய பிறகு 155. டாட் 5.1க்கு 260, பிறகு 180. மிகச் சிறிய அளவு தண்ணீர், கொதிநிலையை 65 முதல் 80 டிகிரி வரை கீழே இழுத்துவிடுகிறது.

இதனால் என்ன என்று கேட்கலாம். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாது. பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி நன்றாக நிற்கும். நீண்ட மலை இறக்கத்தில், வண்டி நிறைய ஆளும் சாமானும் இருக்கும்போது, விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால்தான் தெரியும். டிஸ்க் பல நூறு டிகிரிக்குப் போகும். வெப்பம் பேட் வழியாக, பிஸ்டன் வழியாக ஆயிலைத் தொடும். ஈரமேறிய ஆயில் காலிப்பருக்குள்ளேயே கொதித்து ஆவிக் குமிழாகும். திரவம் அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். பாஸ்கல் விதி இயங்குவதற்கு வேண்டிய அடிப்படையே அங்கே போய்விடுகிறது. மிதிக்கும் விசையெல்லாம் குமிழை நசுக்குவதில் செலவாக, பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பாதி வழியில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது இது நடப்பதும் உண்டு. ஓடும்போது அடித்த காற்று நின்றுபோனதால் டிஸ்க்கின் வெப்பம் மெல்ல உள்ளே இறங்கி ஆயிலைக் கொதிக்க வைத்திருக்கும்.

பிரேக் சூடாகி வலுவிழப்பதில் இன்னொரு வகையும் உண்டு. அளவுக்கு மீறிய சூட்டில் பேட்டில் உள்ள பிசின் சிதைந்து, உராய்வு குறைகிறது. அப்போது பெடல் கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு வராது. தீய்ந்த வாடை வருவது இதற்கு முன்னறிவிப்பு. வாடை வந்தால் பத்திரமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி நன்றாக ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கும் வார்ப்பிரும்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: இறக்கத்தில் தாழ்ந்த கியர். கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டிதான் இன்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கிறது. மூடிய காற்று வழியை எதிர்த்து உறிஞ்சுவதிலும் உள் உராய்விலும் வண்டியின் வேகம் கரைகிறது. அந்த வெப்பம் பிரேக்குக்கு வருவதில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. இன்றைய இன்ஜின்களில் அது நேர்மாறு. கியரில் இறங்கும்போது எரிபொருள் தெளிப்பதையே இன்ஜின் நிறுத்திவிடும். நியூட்ரலில் என்றால் இன்ஜின் அணையாமல் இருக்க எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். செலவும் கூடுகிறது, பிரேக்கும் வேகிறது. ஆட்டோமேட்டிக் கார்களிலும் எல் என்றோ 2 என்றோ எம் என்றோ இதற்கான வசதி இருக்கும். மலையேறும் முன் அதைத் தேடி வைத்துக்கொள்வது நல்லது.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கடைசியில் காரை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்புதான். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் பிடிப்பு குறையும், ஸ்டீயரிங்கும் கேட்காது. 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் வந்தது. சக்கரம் பூட்டப்போவதை உணர்ந்து, அந்தச் சக்கரத்தின் அழுத்தத்தை மட்டும் வினாடிக்குப் பல முறை விட்டுவிட்டுப் பிடிக்கும். அப்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும். முதல் முறை அனுபவிப்பவர்கள் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கவே கூடாது. அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பித் தடையைத் தவிர்க்கலாம், ஏபிஎஸ் இருப்பதே அதற்காகத்தான். தளர்ந்த சரளையில் மட்டும் இதனால் நிற்கும் தூரம் கூடலாம்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள். பூஸ்டரில் மிச்சமிருந்த வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாக இறுகும். அதை அழுத்தியபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. இனி, இன்ஜின் ஓடும்போது சீராக அழுத்திப் பிடித்திருக்கும் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தால், எங்கோ ஒழுகுகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல் போய்விட்டது. மிதித்தால் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. பழைய கார் வாங்கும்போது இந்த மூன்றையும் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஆயிலின் நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். தண்ணீர் கலந்தது கண்ணுக்குத் தெரியாது. ஈரத்தை அளக்கும் கருவி மெக்கானிக்கிடம் இருக்கும். அது இல்லையென்றால் காரோடு வந்த கையேட்டில் சொன்ன காலக்கெடுதான் கணக்கு, பல கார்களுக்கு இரண்டு வருடம். எந்த டாட் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாத இடம் ஒன்று உண்டு: டாட் 5 சிலிகான் வகை, டாட் 5.1 கிளைக்கால் வகை, இரண்டையும் கலக்கக் கூடாது. தவறிப்போய் இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ விழுந்துவிட்டால் ரப்பர் சீல்கள் ஊதிப் பாழாகிவிடும். உடனே வண்டியை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

மின்சாரக் கார்களில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தின் ஒரு பகுதியை மறுபடி பேட்டரிக்கு அனுப்பிவிடுகிறது. பேட் பல வருடம் தேயாமல் இருக்கும். ஆனால் பேட் உரசாததால் டிஸ்க்கில் துரு தங்கிவிடும் என்பதால், பாதுகாப்பான இடத்தில் அவ்வப்போது அழுத்தமாக மிதித்து அதைச் சுரண்டிவிட வேண்டும். பிரேக் ஆயில் அங்கேயும் அதே ஆயில்தான். வண்டி ஓடினாலும் சரி, மாதக்கணக்கில் நிறுத்தியே வைத்திருந்தாலும் சரி, அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். கிலோமீட்டர் ஏறவில்லையே என்று மாற்றுவதைத் தள்ளிப்போட அங்கேயும் வழியில்லை.