மரப் பேனா கடையப் பழகுபவர்கள் கவனத்துக்கு: விரிசல் எங்கிருந்து வருகிறது?

கடைந்து முடித்த அன்று பளபளவென்று இருந்த பேனா, ஏசி அலுவலகத்தில் இரண்டு வாரம் சட்டைப்பையில் இருந்துவிட்டு, நீளவாக்கில் மயிரிழை போல ஒரு கோடு விட்டிருக்கும். புதிதாகப் பழகுபவர்கள் முதலில் பசையைத் திட்டுவார்கள், அப்புறம் கிட்டை (பேனாவின் உலோக பாகங்கள் அடங்கிய பொதி) திட்டுவார்கள். பெரும்பாலும் இரண்டின் மேலும் தப்பில்லை. மரம் காயவில்லை, அவ்வளவுதான்.

பழகுவதற்கு எல்லாரும் வாங்குவது சிலிம்லைன் கிட். அதில் 7 மி.மீ. பித்தளைக் குழாய் இரண்டு இருக்கும். மரத்தில் துளை போட்டு, குழாயை ஒட்டி, வெளியே கடைகிறோம். முடிந்தபின் நிப் பக்கம் விட்டம் சுமார் 8.4 மி.மீ. அதாவது குழாய்க்கு மேலே நிற்கும் மரத்தின் கனம் 1 மி.மீ. கூட இல்லை. மரம் காய்ந்தால் சுருங்கும், பித்தளை சுருங்காது. குழாயின் சுற்றளவு 22 மி.மீ. மரம் ஒரு சதவீதம் சுருங்கப் பார்த்தாலே சுற்றளவில் 0.2 மி.மீ. பற்றாமல் போகும். அந்த இடத்தில்தான் பிளக்கிறது.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்று எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். திறந்து வைத்த மரம் எவ்வளவு நாள் ஆனாலும் 13, 14 சதவீத ஈரத்துக்குக் கீழே லேசில் இறங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். மரவாடியில் ‘பத்து வருஷத்து மரம் சார்’ என்று சொன்னாலும் அந்தப் பத்து வருஷமும் இதே காற்றில்தான் கிடந்தது.

செய்ய வேண்டியது இதுதான். 19 மி.மீ. சதுரம், 5 அங்குல நீளத்துக்குத் துண்டு போட்டு, 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் துண்டின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். பூவரசாக இருந்தால் ஏறக்குறைய 30 கிராம் வரும். ஏசி அறையிலோ, சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவிலோ வையுங்கள். ஒன்றரை கிராம் வரை குறையலாம். இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் தயார். அவசரமாக இருந்தால் முதலில் 6 மி.மீ. துளை போட்டு ஒரு வாரம் விடுங்கள். உள்ளிருந்தும் காயும், வேகமாகக் காயும். காயும்போது துளை கொஞ்சம் கோணும். அப்புறம் 7 மி.மீ. டிரில் பிட் விட்டால் நேராகிவிடும்.

மரம் வாங்க அலைய வேண்டாம். ஆசாரி பட்டறையில் கழித்துப் போடும் பூவரசு, வாகை, வேங்கைத் துண்டு போதும். தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்கு முன் துளையை அசிட்டோனால் துடைக்க வேண்டும், உளியும் சீக்கிரம் மழுங்கும். செஞ்சந்தனத் துண்டு என்று யாராவது நீட்டினால் ரசீது, உரிமத் தாள் இல்லாமல் தொடாதீர்கள். ஒரு பேனாவுக்காக வனத்துறை வழக்கில் மாட்ட வேண்டுமா?

துளை போடும்போது அவசரம் ஆகாது. நிமிடத்துக்கு 600 சுற்று அளவில் ஓட்டி, 10 மி.மீ.க்கு ஒரு தடவை பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள். புகை வாசனை வந்தால் உள்ளே அப்போதே மரம் வெடிக்க ஆரம்பித்திருக்கும். மறுபக்கம் பிட் வெளிவரும்போது வாய் பிய்யும். அதனால் துண்டை நீளமாகவே வைத்துத் துளைத்து, பிறகு வெட்டுங்கள். பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் தெரிந்த இரும்பு லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறை இருந்தால் துளையை அங்கே போட்டுக்கொள்ளலாம். சுற்றுகிற பிடியான சக்கில் மரத்தைப் பிடித்து, எதிர்முனைத் தாங்கியான டெயில்ஸ்டாக்கிலிருந்து பிட்டை விட்டால் துளை நேராக இறங்கும். ஆனால் மரத்துக்கான டூல் ரெஸ்ட் (உளியைத் தாங்கும் கட்டை) இல்லாத அந்த லேத்தில் கையால் உளி பிடித்துக் கடையாதீர்கள்.

குழாயை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அரால்டைட் (எபாக்ஸி பசை) தடவி, திருகியபடியே செருகுங்கள். சூப்பர் குளூ பாதி வழியில் பிடித்துக்கொண்டால் அந்தத் துண்டு போயிற்று. குழாயின் வாயில் பசை ஏறாமல் இருக்க உருளைக்கிழங்கு வில்லையில் ஒரு குத்து. சின்ன அடைப்பு வந்துவிடும். பசை இறுகியதும் தள்ளிவிடலாம். முனையைச் சமன் செய்யும்போது பித்தளை சுற்றிலும் மின்னிய உடனே நிறுத்துங்கள்.

துண்டுகளைக் கோத்துச் சுற்றும் கம்பியான மாண்ட்ரலில் ஏற்றியபின் டெயில்ஸ்டாக்கை முறுக்குகிற முறுக்கில்தான் நிறைய பேனா கெடுகிறது. இறுக்கினால் கம்பி வில்லாக வளையும், மரம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் பித்தளை தெரியும். டெயில்ஸ்டாக்கில் இருக்கும் சுழலும் கூர்முனை (லைவ் சென்டர்) கூடவே சுற்றினால் போதும், நட்டு விரல் இறுக்கம். டூல் ரெஸ்ட் மரத்துக்கு 3 மி.மீ. தள்ளி இருக்கட்டும்; சுவிட்சுக்கு முன் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சீவல் சுருளாக வராமல் தூளாக வந்தால் உளி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அழுத்தாதீர்கள், தீட்டுங்கள்.

வேலை நடுவே கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணையுங்கள். திரும்பி வரும்போது சாதாரண சுவிட்ச் போட்ட லேத் தானே ஓடத் தொடங்கும், உங்கள் கை அப்போது எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. லுங்கி, துப்பட்டா, கையுறை, மோதிரம் எதுவும் கூடாது. முகக் கவசம் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்தியது. கைக்குட்டை கட்டினால் நிற்காது. என்95 போடுங்கள், உப்புத்தாள் போடும் நேரத்தில் கண்டிப்பாக.

உப்புத்தாள் 150-இல் தொடங்கி 600 வரை. ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் லேத்தை நிறுத்தி, நார் போகும் திசையிலேயே நாலு இழுப்பு. மேல்பூச்சுக்கு சூப்பர் குளூ தடவுபவர்கள் பருத்தித் துணி எடுக்காதீர்கள்: பருத்தியில் பட்டால் சூடேறிப் புகையும். சுற்றும் லேத்தில் துணி சிக்கினால் விரலையும் இழுக்கும். டிஷ்யூ காகிதம் கிழிந்து போகும், அது நல்லது. ஷெல்லாக் பாலிஷ் மழை நாளில் வெளுத்துப்போகும், வெயில் வரட்டும்.

பூட்டும்போது, ரீஃபிலை வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் சுழலும் பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் அழுத்தி, ஒவ்வொரு தடவையும் ரீஃபில் போட்டுத் திருகிப் பாருங்கள். முனை வெளியே வரவில்லை என்றால் இன்னும் அரை மி.மீ. அழுத்தலாம். அழுத்தியது அதிகமாகிவிட்டால் முனை உள்ளேயே போகாது, சட்டைப்பை பாழ்.